துரை மாஸ்டருக்கு ஊர் கொடுத்த ரத்தம்

சாக்கடை பொய் சொல்லாது என்பது டாக்டர் ரெஜினாவின் கட்சி. மனிதர்கள் காய்ச்சலை மறைப்பார்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு கல்யாணப் பந்தியில் போய் உட்காருவார்கள். கேட்டால் 'லேசா சளி' என்பார்கள். ஆனால் காலையில் எல்லோரும் கழிப்பறைக்குப் போய்த்தானே ஆக வேண்டும்? கோவில்பட்டியில் புதிதாகப் போட்ட பாதாளச் சாக்கடை ஊர் ரகசியத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துவிடும். அங்கே ஒரு பாட்டிலைக் கயிற்றில் கட்டி இறக்கினால் போதும், யார் வீட்டில் என்ன நோய் என்பதைத் தவிர மற்ற எல்லாம் தெரிந்துவிடும்.

அந்தப் பாட்டிலில் வரும் கிருமிகளைப் படித்துச் சொல்வதுதான் செண்பகவல்லியின் வேலை. வைரஸ் படிப்புப் படித்தவள். டாக்டர் ரெஜினா தலைமை வகிக்கும் ஆய்வகத்தில் விஞ்ஞானி. கொஞ்ச காலமாக அங்கே ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். நீலக்காய்ச்சல் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. உதடு நீலம் பாரித்து, மூச்சு முட்டிச் செத்தவர்கள் வீட்டுச் சுவர்களில் மாலை போட்ட படங்களாகிவிட்டார்கள். பிழைத்தவர்கள் உடம்பில் எதிர்ப்பு சக்தி ஊறிவிட்டது. நோய் தொடாதவர்களுக்கு அரசாங்கம் வீடு வீடாக வந்து மூக்கில் சொட்டு மருந்து விட்டது. வைரஸ் நுழைய ஊரில் ஒரு வாசல்கூடத் திறந்திருக்கவில்லை. அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மெஷின் அதை மறுபடியும் படித்தது.

"மெஷின்லதான் ஏதோ கோளாறு மேடம்" என்றாள் செண்பகவல்லி. அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

ரெஜினா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையை வெகுநேரம் பார்த்தார். "கோளாறு இல்ல. இது நம்ம பழைய ஆளுதான். முதல் அலையில வந்துச்சே, அதே குடும்பம். ஆனா உடம்பு முழுக்க மாத்தம். நம்ம சொட்டு மருந்து எந்த இடத்தப் பாத்து இத அடையாளம் பிடிக்கச் சொல்லிக் குடுத்துச்சோ, அந்த இடத்தையெல்லாம் மாத்தி வச்சிருக்கு."

"இத்தன வருஷம் எங்க இருந்துச்சு?"

"யாரோ ஒருத்தர் உடம்புக்குள்ள." ரெஜினா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஊருக்கே எதிர்ப்பு சக்தி வந்துட்டா வைரஸ் அழிஞ்சிரும்னு மேடைல பேசினோம். பொய் இல்ல. ஆனா அதே எதிர்ப்பு சக்திதான் வைரஸுக்கு நெருக்கடி. மாறினாத்தான் பொழைக்கலாம்னு ஆயிருது. நல்ல உடம்புல மாறுறதுக்கு அவகாசம் கிடைக்காது, வந்த வேகத்துல வெரட்டிரும். எதிர்ப்பே இல்லாத உடம்புல மாற வேண்டிய அவசியம் கிடையாது. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு பாரு, அடிக்கும், ஆனா சாகுற அளவுக்கு அடிக்காது... அந்த அரைகுறை உடம்புதான் இதுக்குப் பள்ளிக்கூடம்."

 அப்படி ஓர் உடம்பைச் செண்பகவல்லிக்குத் தெரியும். தினமும் அதன் பக்கத்தில்தான் படுத்துத் தூங்குகிறாள்.

 இன்னொருவராக இருக்கலாம், ஊரில் சிறுநீரகம் மாற்றியவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் எத்தனையோ பேர் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு பாட்டிலையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு ரெஜினாவோடு ஜீப்பில் ஏறினாள்.

வைரஸ் எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கச் சாக்கடையைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்தில் இரு பக்கமும் மேன்ஹோலைத் திறந்து பாட்டிலை இறக்குவார்கள். எந்தப் பக்கத்துத் தண்ணீரில் வைரஸ் இருக்கிறதோ அந்தப் பக்கம் போவார்கள். ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, மறுநாள் அடுத்த பிரிவில் மறுபடி அதே வேலை. ஸ்டேஷன் பக்கம் ஒன்றுமில்லை. மார்க்கெட் பக்கம் ஒன்றுமில்லை. ஹாக்கி மைதானத்துப் பக்கம் இருந்தது. ஒவ்வொரு மூடியாகத் திறக்கத் திறக்க அவள் தெரு நெருங்கியது. தன் வீட்டை நோக்கித் தானே ஒரு நாயைக் கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டு போவது போலிருந்தது.

மைதானத்துக்குப் பின் தெருவில், வேப்பமரத்தடியில், கடைசி மூடி. ரெஜினா ஜீப்பில் போன் பேசிக்கொண்டிருந்தார். செண்பகவல்லி பாட்டிலை இறக்கித் தூக்கினாள். மூடியைத் திருகித் தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு, தெருக்குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துவிட்டால்? யாருக்குத் தெரியும்? சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள். கை மூடியில் போய் நின்றும்விட்டது. எதிர்வீட்டு வாசலில் ஒரு பெண் பச்சைக் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை இவளைப் பார்த்து ஏப்பம் விட்டது.

ரெஜினா வந்தபோது செண்பகவல்லி பாட்டிலோடு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"இதை டெஸ்ட் பண்ண வேண்டாம் மேடம். அது எங்க வீடு."

"எப்பத்துல இருந்து தெரியும்?"

"மெஷின் படிச்ச அன்னைக்கே."

ரெஜினா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

செண்பகவல்லியின் கணவர் அய்யாத்துரை என்றால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. துரை மாஸ்டர் என்றால் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஹாக்கி ஊரில் ஹாக்கி சொல்லிக்கொடுத்தவர். ரயில்வேயிலும் போலீசிலும் இன்று வேலையில் இருக்கிற எத்தனையோ பேருக்கு முதல் மட்டையைக் கையில் கொடுத்து, முதல் அடியை முதுகில் கொடுத்தவர். சிறுநீரகம் பழுதாகி, அவருடைய அக்கா ஒன்றைக் கொடுத்து, அதை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கும் மாத்திரைகளை விழுங்கிக்கொண்டிருந்தார். அந்த நிலைமையில் நீலக்காய்ச்சல் வந்தது. போவதும் திரும்புவதுமாக இருந்தது. ஊருக்கே எதிர்ப்பு சக்தி வந்துவிட்டது, இவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

விழும்போதெல்லாம் அவரை எழுப்பி உட்கார வைத்தது ஊர்தான். அவரிடம் விளையாடிய பையன்கள் 'துரை மாஸ்டர் உயிர்காப்புக் குழு' என்று ஒன்றை ஆரம்பித்து, பிளக்ஸ் பேனர் வைத்து, அவர் ரத்தத்துக்கு ஒத்துவருகிற பி, ஏபி வகைக்காரர்களைத் தெருத் தெருவாகத் தேடிப் பிடித்தார்கள். நோய் வந்து பிழைத்தவர்களின் ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்து மாஸ்டருக்கு ஏற்றுவார்கள். அதில் ஆன்டிபாடி இருக்கும், வைரஸை அடக்கும். ஒரு தடவை கொடுத்தவரையே மறுபடி கூப்பிட்டால் மற்றவர்களுக்குக் கோபம் வரும். எல்லோருக்கும் வாய்ப்பு வேண்டுமே! அதனால் ஒவ்வொரு தடவையும் புதுப்புது ஆள். ஊரே முறை வைத்துக் கொடுத்தது. ஓ வகை ரத்தக்காரியான செண்பகவல்லியின் பிளாஸ்மா மட்டும் அவருக்கு ஆகாது. முகாம் நடக்கும்போதெல்லாம் கொடுப்பவர்களுக்கு ஜூஸ் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு ஓரமாக நிற்பாள். வைரஸ் படித்தவளுக்கு இதெல்லாம் உறைத்திருக்க வேண்டாமா என்றால், வேண்டும்தான். வீட்டுக்காரர் மூச்சுக்குத் தவிக்கும்போது அவளுக்குப் படிப்பு ஞாபகம் வரவில்லை.

அன்று மதியம் அவள் வீட்டுக்குப் போனபோது குழுவின் தலைவன் இசக்கிராஜ் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தான். பழைய கோல்கீப்பர். இப்போது ஒரு தீப்பெட்டி ஆபீஸில் மேஸ்திரி. தினம் ஒரு தடவை மாஸ்டர் முகத்தைப் பார்க்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"அக்கா, நல்ல சேதி! கழுகுமலைல இருந்து ஏபி பாசிட்டிவ் ஒருத்தர் வாராரு. மாஸ்டருக்குச் சளி கூடிட்டுல்ல, நாளைக்கே ஏத்திருவோம்."

"வேண்டாம் இசக்கி. இனிமே யாரும் குடுக்க வேண்டாம்."

கட்டிலில் சாய்ந்திருந்த அய்யாத்துரை மெல்லத் தலையைத் திருப்பினார். செண்பகவல்லி வாசலிலேயே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல இசக்கிராஜ் விழித்தான்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கலக்கா. நாங்க குடுத்தது மருந்துதான?"

பதில் சொன்னது அய்யாத்துரை. மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். "ஏலே, நீ எப்படிடா நல்ல கீப்பரான? சாயங்காலம் சாயங்காலம் நான் பெனால்டி ஸ்ட்ரோக் அடிப்பேன், நீ நிப்ப. மொதல்ல எல்லாம் கோலு. அப்புறம் என் இடது பக்கத்து அடி உனக்குப் பழகிட்டு. அப்புறம் வலது. புதுசா ஒரு அடி கொண்டாந்தா, நாலு நாள்ல அதையும் பிடிச்சிருவ. கடைசில என்கிட்ட அடிக்கதுக்கு ஒண்ணுமே மிஞ்சலல்லா?" இருமினார். "எனக்குள்ள ஒரு கீப்பர் நிக்கான்டா. ஊர்ல உள்ள அம்புட்டுப் பேரும் வந்து அவனுக்கு அடிச்சுக் காட்டிட்டுப் போயிருக்கிய."

"அப்ப நாங்க குடுத்ததெல்லாம்..." என்று ஆரம்பித்த இசக்கிராஜ் முடிக்கவில்லை. எழுந்து செருப்பைத் தேடினான். இரண்டு தடவை தவறான செருப்பில் காலை நுழைத்தான்.

அன்றே அய்யாத்துரையை ஊருக்கு வெளியே காலியாகக் கிடந்த ஒரு விடுதிக் கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். தலை முதல் கால்வரை மூடிய உடையில் இரண்டு பேர் வந்து தூக்கினார்கள். தெருவே ஜன்னல் வழியாகப் பார்த்தது. யாரும் வெளியே வரவில்லை. எத்தனையோ கோப்பைகள் தூக்கி வந்த மனிதரை அந்தத் தெரு அப்படிப் பார்த்ததே இல்லை.

ரெஜினா உடனே ஒரு சோதனையை ஆரம்பித்தார். ரத்தம் கொடுத்தவர்கள், கொடுக்காதவர்கள், கிழவர்கள், பிள்ளைகள், சொட்டு மருந்து மட்டும் போட்டவர்கள் என்று ஊரின் எல்லா மூலையிலிருந்தும் ரத்தம் எடுத்து, ஒவ்வொன்றையும் புது வைரஸோடு கலந்து, குழிகள் வைத்த ஒரு தட்டில் வளர்த்த உயிருள்ள செல்களின்மேல் விட்டார்கள். ரத்தத்தில் சக்தி இருந்தால் செல் பிழைக்கும். இல்லையென்றால் சாகும். செண்பகவல்லி தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். ஒவ்வொரு குழியிலும் செத்த செல்கள். ஊர் எதிர்ப்பு சக்தி முழுவதும் அந்த வைரஸுக்கு முன்னால் செல்லாக்காசு. அது வெளியே வந்தால் நீலக்காய்ச்சல் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும்.

"மூலைல ஒண்ணு உயிரோட இருக்கே" என்றார் ரெஜினா. "அது யாரு?"

செண்பகவல்லி பார்த்தாள். இடம் காலியாக இருக்கிறதே என்று அவள் தன் ரத்தத்தையே போட்டிருந்த குழி அது.

ரெஜினா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அவருக்கு முடியாம வரும்போதெல்லாம் உனக்கு என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது மேடம். ஒரு நாள் தொண்டை கரகரங்கும். அலைச்சல்னு விட்ருவேன்."

"அலைச்சல் இல்லம்மா. அது ஒவ்வொரு தடவை மாறும்போதும் உன்னை வந்து தொட்டிருக்கு. உன் உடம்பு ஒவ்வொரு தடவையும் புதுசா படிச்சு வெரட்டியிருக்கு. அவரோட ஒரே வீட்ல, ஒரே காத்துல, அது கூடவே நீயும் மாறிக்கிட்டு வந்திருக்க. ஊர் அங்கேயே நின்னுருச்சு, நீ மட்டும் கூட ஓடியிருக்க." ரெஜினா குரலைத் தாழ்த்தினார். "அவருக்கு ரத்தம் குடுக்க முடியாதுன்னு ஒதுக்கி வச்சாங்களே, அதனாலதான் உன் ஆன்டிபாடி எதுவும் அதுக்குத் தெரியாது."

செண்பகவல்லிக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு நிமிஷம்தான் அது இருந்தது. "அப்ப அவருக்கு என்னோடத..."

"பிளாஸ்மாவா ஏத்த முடியாது. ஆன்டிபாடியை மட்டும் பிரிச்சு எடுத்தா ரத்த வகை பிரச்சினை இல்ல. எடுக்கலாம். இப்போதைக்கு ஒரு ஆளுக்குத்தான் வரும்." ரெஜினா அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஆனா அவர் உடம்பு அந்த வைரஸை முடிச்சு வைக்காது. உன் மருந்து பாதியைக் கொல்லும். மீதி பாதி உன்னையும் படிச்சிரும். உன் ஆன்டிபாடியைப் பாத்து ஊருக்கெல்லாம் மருந்து செய்யலாம்னு சென்னைக்கு எழுதியிருக்கேன். அதுக்கு மாசக்கணக்குல ஆகும். அதுக்குள்ள அது உன்னையும் கத்துக்கிட்டா, நம்ம கைல ஒண்ணும் இல்ல."

"முழுசா கொன்னுட்டா?"

"கொன்னுட்டா நல்லது. நீ படிச்சவ. எவ்வளவு வாய்ப்புன்னு நீயே சொல்லு."

அவள் தட்டை மூடி வைத்தாள்.

மறுநாள் இசக்கிராஜுக்குக் காய்ச்சல். தினமும் மாஸ்டர் முகத்தைப் பார்க்க வந்தவனாயிற்றே! அவனை அள்ளிக்கொண்டு வந்து அதே கட்டடத்தில் அடுத்த அறையில் போட்டபோதே உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது. அவன் மனைவி கேட்டுக்கு வெளியே நின்று கத்தியது உள்ளே வரை கேட்டது. வேறு யாருக்கெல்லாம் தொற்றியிருக்கிறது என்று தெரியவில்லை. தீப்பெட்டி ஆபீஸை இழுத்து மூடினார்கள். பள்ளிக்கூடங்களை மூடினார்கள். கடைவீதியில் எல்லோரும் மறுபடியும் ஒருவரையொருவர் பார்த்து ஒதுங்கி நடந்தார்கள்.

செண்பகவல்லியின் ரத்தத்தை எடுத்துப் பிரித்து ஒரு பாட்டிலில் அடைத்துக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார் ரெஜினா. பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருந்தது.

"இசக்கிராஜோடது நல்ல உடம்பு. இதை ஏத்தினா மிச்சத்தை அவன் உடம்பே முடிச்சு வச்சிரும், வைரஸ் அவனோட நின்னுரும். டாக்டரா நான் என்ன சொல்லணுமோ சொல்லிட்டேன். ஆனா இது உன் ரத்தம். உன்னைக் கேக்காம நான் கையை வைக்க மாட்டேன்." ரெஜினா பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.  "யாருக்குன்னு சொல்லு."

செண்பகவல்லி சொன்னாள். அவளுக்கே கேட்காத குரலில் சொன்னாள். ரெஜினா காதைக் கிட்டே கொண்டுவந்து, இன்னொரு தடவை சொல்லச் சொல்லி, தலையசைத்தார்.

பிறகு அவள் கணவரின் அறைக் கதவைத் திறந்தாள். நர்சுகள் உள்ளே போக முக்கால் மணி நேரம் உடை மாட்டுவார்கள். அவளுக்கு எதுவும் தேவையில்லை. முகமூடி இல்லாமல், கையுறை இல்லாமல், கட்டியிருந்த சேலையோடு அவர் பக்கத்தில் போய் உட்கார இந்த உலகத்தில் அவள் ஒருத்தியால்தான் முடியும். கட்டிலுக்கு மேல் கம்பியில் பாட்டில் தொங்கியது. குழாய் அவர் கையில் ஏறியிருந்தது.

அய்யாத்துரை கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தார். "வந்துட்டியா. மூஞ்சி தெரியுற ஆளே இங்க இல்ல. எல்லாம் பூதம் மாதிரி வாராவ." பிறகு, தயங்கித் தயங்கி, "செண்பகம், எனக்குப் பயமா இருக்கு" என்றார். அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதுகூட நர்சைக் கேலி செய்துகொண்டு போனவர். "இசக்கி இருக்கானா?"

"இருக்கான்."

"ராத்திரி அவன் இருமுறது கேட்டுச்சு. பாவம், என்னாலதான்." கண்ணிலிருந்து வழிந்தது காதுக்குள் இறங்கியது. "ஆனா, நான் சாக விரும்பலட்டி. ஊருக்காகப் போயிருவோம்னுல்லாம் எனக்குத் தோணல. எனக்கு இருக்கணும் போலத்தான் இருக்கு. தப்பா?"

"தப்பு இல்லங்க."

"உன் ரத்தத்துலதான் மருந்து இருக்குன்னு நர்சுங்க பேசிக்கிட்டாவ." அவர் பார்வை மெல்ல மேலே போய்ப் பாட்டிலில் நின்றது. முகம் மாறியது. பல மாதங்களாக அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. "இதானா? உன்னோடதா?"

செண்பகவல்லி அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அந்தக் கை சில்லென்றிருந்தது.

"ம்" என்றாள்.

"ஒத்துவராது ஒத்துவராதுன்னு ஓரமா நிப்பாட்டிட்டாவளே உன்னைய" என்று சிரித்தார் அய்யாத்துரை. சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "ஏறுதது தெரியுது செண்பகம். சூடா, நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் வேகமா விடச் சொல்லேன்."

செண்பகவல்லி எழுந்து, அந்த வெறும் உப்புத் தண்ணீர் பாட்டிலின் திருகியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டாள்.